விட்டுப்போன துணைக்கால்

தூங்காத தலைவர், தூங்காத தலைவர் என்று ஊரே கொண்டாடுகிறதே, அந்த மனிதர் தினமும் மதியம் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, சோபாவில் சாய்ந்து, முக்கால் மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கியவர். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம் முக்கியமான கோப்பு பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கூசாமல் பொய் சொன்னவள் கிறுக்கம்மா. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது வருடம் சொன்னாள். இன்றைக்கு அவளே போய் உண்மையைச் சொன்னால், பாவம், வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்பார்கள்.

கிறுக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் தலைவரின் சுருக்கெழுத்துக்காரி. அவர் பேசப் பேசப் பென்சிலால் கோடும் வளைவுமாக இழுத்துக்கொண்டே போவாள். பிறகு அதைப் பார்த்து ஒழுங்கான எழுத்தில் தட்டச்சு அடிப்பாள். ஒருநாள் அந்த நோட்டைப் பார்த்த அலுவலகக் காவலாளி, என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி கிறுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதில் ஒட்டிக்கொண்ட பெயர். கிறுக்கு என்றால் பைத்தியம் என்றும் அர்த்தம் உண்டு. அது தெரிந்துதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், அவளும் தெரிந்துதான் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா இறந்த வருடம், பத்தொன்பது வயதில், சைக்கிள் கடை மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தாள். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே இருபது பெண்களின் பென்சில் சத்தம். சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிரெழுத்துக்குக் கோட்டின் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளியோ கீற்றோ வைக்க வேண்டும். மெதுவாக எழுதினால் எல்லாம் வைக்கலாம். வேகம் கூடினால் அதற்கெல்லாம் நேரம் ஏது? "மெய்யைப் பிடிச்சுக்க, உயிரை விட்டுடு. என்ன உயிர்னு அப்புறம் அர்த்தத்தைப் பார்த்துப் போட்டுக்கலாம்" என்பார் வாத்தியார். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை வந்ததும் வேலை வந்தது. கொஞ்சம் தாமதமாகக் கல்யாணமும் வந்தது. ஐந்தே வருடத்தில், கையில் ஒரு பெண் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் புருஷன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். வேலை மட்டும் கூடவே நின்றது.

கல்யாணத்துக்கு முன்பே, இருபத்தேழு வயதில், தலைவரின் அறைக்கு மாற்றியிருந்தார்கள். அவர் பதவிக்கு வந்த புதிது. அவர் பேச்சைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்குத்தான் அந்த அழகு தெரியும்: எழுவாய் இருக்கும், பயனிலை இருக்காது. இந்தப் பள்ளிக்கூட விஷயமாக நான் என்ன நினைக்கிறேன் என்றால் என்று ஆரம்பித்துவிட்டு, தலைமேல் இருக்கும் மூக்குக்கண்ணாடியை மேசை முழுக்கத் தேடுவார். மூன்று தரம் கனைப்பார். வாக்கியத்தை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்தரத்தில் தொங்கியதற்கெல்லாம் முடிவு போட்டுக் கொடுத்தவள் இவள்தான். நாட்டை அவர் ஆண்டார், வினைமுற்றை நான் ஆண்டேன் என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. கிறுக்கம்மாவும் ஓய்வு பெற்று, மகள் வீட்டுப் பின்னறையில் முட்டிவலியோடு கிடந்தாள். அப்படிக் கிடந்தவளைத்தான் சினிமாக்காரர்கள் தேடிப் பிடித்தார்கள். தலைவரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்களாம். அவர் அறையில் வேலை பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதானாம். எல்லாம் நூற்றுக்கு நூறு உண்மையாக இருக்க வேண்டும் என்பதில் இயக்குநர் குறியாக இருக்கிறாராம். கார் அனுப்பினார்கள், போனாள்.

வாடகை வீடு ஒன்றின் கூடத்தைப் படக் கம்பெனியாக்கி இருந்தார்கள். சுவர் முழுக்கத் தலைவரின் புகைப்படம். இயக்குநருக்கு நாற்பது வயது இருக்கும், தங்கமான பிள்ளை, அம்மா அம்மா என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். தலைவரின் நாற்காலி எத்தனை அங்குலம் என்று அளந்து அதே மாதிரி செய்து வைத்திருந்தார். அதே மூக்குக்கண்ணாடி, அதே கைக்கடிகாரம், கடிகாரத்தில் அதே கீறல்கூட இருந்தது. தலைவராக நடிக்கும் நடிகர் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்து பழகிக்கொண்டிருந்தார். சாமான் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆள்தான் யாரோ.

புது இடத்துக்குள் நுழைந்ததும் தலைவர் முதலில் என்ன செய்வார் என்று இயக்குநர் கேட்டார். கழிவறை எங்கே இருக்கிறது என்று கேட்பார் என்றாள் கிறுக்கம்மா. எல்லாரும் சிரித்தார்கள். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் மட்டும் அதை எழுதவில்லை. வாழ்நாள் முழுக்க எழுதிப் பிழைத்தவளுக்கு, பக்கத்தில் ஒருத்தி எழுதாமல் இருப்பது தெரியாமல் போகுமா? வயிற்றுப் புண், பாதியில் நிற்கும் பேச்சு, மதியத் தூக்கம் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்தப் பெண்ணின் பேனா ஒவ்வொன்றுக்கும் சும்மா இருந்தது. முதலில் வாசித்த சில காட்சிகளில் ஏன் யாருமே அவரை இடைமறித்துப் பேசுவதில்லை என்று இவள் கேட்டதற்கு, அவர் வரியை முழுசாகப் பேசி முடித்தால்தான் இசை ஆரம்பிக்க முடியும் என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார். அவளுக்குக் கொட்டாவி வந்தது.

அப்புறம் முக்கியமான காட்சியை வாசித்துக் காட்டினார்கள். படத்தின் பெயரே அந்தக் காட்சியில் வரும் வாக்கியம்தான். வெள்ளத்தின் மூன்றாம் நாள். ஜன்னலுக்கு வெளியே மழை. தலைவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அழகான இளம்பெண் ஒருத்தி கண்ணில் நீரோடு எழுதிக்கொள்கிறாள், அது கிறுக்கம்மாவாம். "இனி என்னால் தூங்க முடியாது" என்கிறார் தலைவர். உடனே அவர் மனைவி உள்ளே வந்து தோளில் கை வைத்து, "நீங்க முழிச்சிருங்க. உங்களுக்காக நானும் முழிச்சிருக்கேன்" என்கிறார். இசை. அந்த இளம்பெண் கையில் பிடிக்கப்போகும் நோட்டை இவளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். புரட்டிப் பார்த்தாள். சும்மா சுழித்து வைத்திருந்தார்கள், ஒரு வார்த்தைகூடத் தேறவில்லை. இதில் ஒன்றுமே எழுதவில்லையே என்றாள். பார்க்கிறவர்களுக்கு எங்கேம்மா தெரியப்போகிறது என்றார்கள். அதுவும் வாஸ்தவம்தான்.

காட்சி எப்படி என்று இயக்குநர் ஆவலாகக் கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டாள். உண்மையில் தலைவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவே இல்லை.

நடந்தது இதுதான். வெள்ளம் வந்து மூன்றாம் நாள். கிறுக்கம்மா இரண்டு இரவாக வீட்டுக்குப் போகவில்லை, கண்ணை மூடவில்லை. நான்கு வயது மகள் காய்ச்சலோடு பக்கத்து வீட்டில் கிடந்தாள். மதியம் மூன்று மணிக்குத் தலைவர் ஆற்றங்கரையிலிருந்து வந்தார். முழங்கால்வரை சேறு. உட்கார்ந்து, எழுதிக்கொள்ளம்மா, பத்திரிகைக்கு அறிக்கை என்றார். ஒரு தரம்கூடக் கனைக்கவில்லை. கரையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னார். இனி என்னால் தாங்க முடியாது என்றார். அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தார். அதற்குள் செயலர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேற்குக் கரையும் உடைந்துவிட்டது என்றார். தலைவர் அப்படியே எழுந்து போனார். பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், இருக்கிறவரைக்கும் அடித்துக் கொடு என்று செயலர் இவள் தலைமேல் நின்றார்.

நோட்டில் இருந்தது மூன்று மெய்க்கான கோடு: த், ங், க். உயிர் வைக்க நேரமில்லாமல் விட்டிருந்தாள். அர்த்தத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். இரண்டு இரவு தூங்காதவள் மனசில் வேறு என்ன அர்த்தம் இருக்கும்? கை தானாகவே தூங்க என்று அடித்தது. பாதியில் நின்ற கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டாள். எத்தனையோ வாக்கியத்துக்கு முடிவு போட்டவளுக்கு அதற்கு முடிவு போட மட்டும் கை வரவில்லை. செயலர் தாளை உருவிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலைப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான் தலைப்பு. இனி என்னால் தூங்க முடியாது! பத்து மணிக்குள் வாசலில் கூட்டம். வீடு வாசல் போனவர்கள் எல்லாம் வந்து நின்று, எங்களுக்காகத் தூங்காத மனுஷன் என்று அழுதார்கள். தலைவர் அவளை உள்ளே கூப்பிட்டு, நான் தூங்க என்றா சொன்னேன் என்று மெல்லக் கேட்டார். நோட்டைப் பிரித்ததும் அவர் சொன்னது அப்படியே நினைவுக்கு வந்தது. தாங்க என்றுதான் சொன்னீர்கள் ஐயா என்று அழுதாள். அவர் ஜன்னல் வழியாகக் கூட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு துணைக்கால் போச்சு. நாற்காலி நின்னுடுச்சு" என்றார்.

தா எழுதத் துணைக்கால் வேண்டும், தூ எழுத வேண்டாம். அவருக்கு நகைச்சுவை வருவதே அபூர்வம், வந்த ஒன்றும் இப்படி வந்தது. மறுப்பு அறிக்கை அடிக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், யாரிடமும் சொல்லாதே என்றார். ஒன்பது வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் இறக்கும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். அந்த ஒன்பது வருடமும் அவரால் நாலு பேர் முன்னால் கொட்டாவிகூட விட முடியவில்லை. ராத்திரி முழுக்க அவர் அறையில் விளக்கு எரிய வேண்டும் என்று காவலுக்கு உத்தரவு. மதியத் தூக்கத்துக்குக் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்வார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கிறுக்கம்மாவின் பிழை முப்பத்தொரு வருடம் ஓடி, இப்போது திரைக்கும் வரப்போகிறது.

இத்தோடு போயிருந்தால்கூட அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். கிளம்பும்போது இயக்குநர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். தலைவரின் மனைவியைப் படத்தில் காட்ட அவருடைய கையெழுத்து வேண்டும். அலுவலகத்தில் எல்லாரும் பெரியம்மா என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. அந்தக் கிறுக்கம்மாவை வரச் சொல்லுங்கள், அவளிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்கப்புறம் கையெழுத்துப் போடுகிறேனா கிழித்துப் போடுகிறேனா பார்க்கலாம் என்றாராம். நீங்கள் போய் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள் அம்மா என்று தாளைக் கையில் கொடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார்.

பெரியம்மா என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளம் வந்த அந்த வாரம் பதவியை விட்டுவிடுவதாகத் தலைவர் பெரியம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அரசு வீட்டில் பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. அந்தத் தலைப்புச் செய்தி வந்த அன்று கட்டின பெட்டியெல்லாம் அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு பெரியம்மா எந்த விழாவிலும் அவர் பக்கத்தில் நின்றதில்லை. உடம்பு சரியில்லை என்று வெளியே சொன்னார்கள். புருஷன் நாற்காலிக்காகத் தன்னிடம் சொன்ன சொல்லை மீறிவிட்டார் என்று அந்த அம்மா முப்பத்தொரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அது இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

மகளிடம் அன்று சாயங்காலம் முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். மகள் துணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள். "அம்மா, செத்தவர் செத்துட்டார். அந்தம்மாவுக்கு எண்பது வயசு. இப்பப் போய் எதுக்குக் கிளறணும்? நீயும் எவ்வளவு நாள்தான் அவங்க பாரத்தைச் சுமப்பே?" என்றாள். நியாயமான கேள்விதான். தூங்காத தலைவருக்காக இவள் தூங்காத இரவில் எல்லாம் இந்த மகள்தான் பக்கத்து வீட்டுப் பாயில் தூங்கி வளர்ந்தவள். கிறுக்கம்மா துணிப்பெட்டிக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போனாள். மூன்றாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஐம்பத்துநான்கு படியையும் முட்டியைப் பிடித்துப் பிடித்து ஏறி, பெரியம்மாவின் அறைக்குள் நுழையும்போது மூச்சு இரைத்தது. ஜன்னலோரம் கட்டில், மாத்திரை டப்பா, ஒரு வானொலி. சுவரில் தலைவரின் படம் இல்லை. பெரியம்மா ஒடுங்கிப்போய்ச் சின்ன உருவமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதலில் மூச்சு வாங்கு என்றார். தண்ணீர் கொடுத்தார். இவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அன்னிக்கு அவர் உன்கிட்ட என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

கிறுக்கம்மா நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியைப் போட்டாள். வரிசையாகப் படுக்க வைத்தவர்களைப் பற்றிச் சொன்னதை வாசித்தாள். பாதியில் நிறுத்தி, மறுபடி வாசித்தாள்.

"இனி என்னால் தாங்க முடியாது."

"தாங்கவா?"

"தாங்கதான்மா. நான்தான் தூங்கன்னு அடிச்சிட்டேன். ரெண்டு நாளாத் தூக்கமில்ல, அதே நெனப்பு. நான் அடிச்ச தாளை அவர் பாக்கவே இல்ல."

"அப்புறம்?"

"ஆகவே இந்தப் பதவியை... அதோட நிக்குதும்மா. செயலர் வந்துட்டார்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் திட்டட்டும், அடித்தால்கூட அடிக்கட்டும் என்று இருந்தது. பெரியம்மா கையை நீட்டி நோட்டை வாங்கினார். அவருக்குச் சுருக்கெழுத்து தெரியாது. இருந்தாலும் அந்த வரி எது என்று கேட்டு, பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"பேப்பர்ல வந்த அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதையேதான் சொன்னார்" என்றார் பிறகு. "நான் தாங்கன்னுதான் சொன்னேன், அந்தப் பொண்ணு தப்பா அடிச்சிட்டா. இப்ப மாத்திச் சொன்னா அவ வேலை போயிடும், வாசல்ல நிக்கிற ஜனமும் உடைஞ்சு போயிடும்னார். நான் நம்பல. உங்க ஆசைக்கு ஒரு ஏழைப் பொண்ணு மேல பழி போடாதீங்கன்னேன்."

தன் பிழையால் ஒரு மனிதர் ஓய்வை இழந்தார், மனைவியிடம் சொன்ன சொல்லை மீறினார் என்று மட்டும்தான் கிறுக்கம்மா இத்தனை வருடம் நினைத்து நொந்துகொண்டிருந்தாள். அவர் உண்மையைச் சொல்லியும் மனைவி நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

"அதுக்கப்புறம் ஒன்பது வருஷம்," என்றார் பெரியம்மா. "சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா. அவ்வளவுதான் அவர்கிட்ட பேசினேன். ஆஸ்பத்திரிலகூட அவ்வளவுதான்."

"நான் அப்பவே வந்து சொல்லியிருக்கணும்மா."

"சொல்லியிருக்கணும்" என்றார் பெரியம்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அசதியாகச் சொன்னார். அது அடித்ததைவிட வலித்தது.

வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றதும் பெரியம்மா, இயக்குநர் கொடுத்தனுப்பிய தாளைக் கேட்டு வாங்கினார். படத்தில் அன்றைக்குத் தானும் வருவதாகச் சொன்னார்களே, என்ன சொல்கிறேன் என்று கேட்டார். கிறுக்கம்மா கூச்சத்தோடு சொன்னாள். உள்ளே வருகிறீர்கள், நீங்கள் விழித்திருங்கள், உங்களுக்காக நானும் விழித்திருக்கிறேன் என்கிறீர்கள்.

"தோள்ல கை வைக்கிறேனா?"

"ஆமாம்மா. ஆனா எல்லாம் பொய்ம்மா. நான் போய்ச் சொல்றேன். நோட்டைக் காட்டறேன். நடந்ததை எடுக்கச் சொல்றேன். என் பேர் கெட்டாலும் பரவால்ல."

பெரியம்மா தலையை ஆட்டினார். பேனா கேட்டார்.

"வேண்டாம். அப்படியே எடுக்கட்டும். அதுலயாவது நான் அவர்கிட்ட நல்லபடியாப் பேசறேன்."

எண்பது வயதுக் கைக்குக் கையெழுத்துப் போட வெகு நேரம் ஆனது. கிறுக்கம்மா தாள் நகராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டாள்.